கட்டற்ற அதிர்வும் திணிப்பு அதிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன் இயற்பியலில் அலைவுகள் பாடம் நடத்தும் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சில, வகுப்பில் கை தூக்கிக் கேட்டவை. சில, மணி அடித்த பிறகு சைக்கிள் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்து கேட்டவை. நல்ல கேள்விகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். சமன்பாடுகளை இங்கே எழுதவில்லை. அவை பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. எண்கள் மட்டும் தேவையான இடத்தில் வரும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியும். அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை அதிர்வது என்பதை, யார் முடிவு செய்கிறார் என்று கேளுங்கள். அதிரும் பொருளே முடிவு செய்தால் அது கட்டற்ற அதிர்வு. வெளியிலிருந்து ஆட்டுகிறவர் முடிவு செய்தால் திணிப்பு அதிர்வு.

கோயில் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடித்தாலும் மெல்லத் தட்டினாலும் சத்தம்தான் கூடும், குறையும், சுருதி மாறாது. அடித்துவிட்டு நீங்கள் பிரகாரம் சுற்றப் போய்விடலாம். அதற்குப் பிறகு எப்படி அதிர்வது என்பது மணியின் சொந்த விஷயம். அது கட்டற்ற அதிர்வு.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் இதற்கு நேரெதிர். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காந்தமாகும்போது உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் நீளம் துளியளவு மாறும். மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் இந்த மாற்றம் ஒரே மாதிரிதான் நடக்கும் என்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்று நொடிக்கு 100 முறை தகடுகள் அதிர்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் பெரியதோ சிறியதோ, புதியதோ துருப்பிடித்ததோ, உறுமலின் அடிப்படை 100 ஹெர்ட்ஸ்தான். இரும்பைக் கேட்டு யாரும் இதை முடிவு செய்யவில்லை. மின் நிலையம் முடிவு செய்தது.

பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்குமா?

பாதி கிடைக்கும். மீதிக்கு இதையும் சேருங்கள்: சமநிலையிலிருந்து விலக்கி விட்டபின், வெளிவிசை ஏதும் இல்லாமல் ஒரு பொருள் தன் இயல்பு அதிர்வெண்ணில் அலைவது கட்டற்ற அலைவு. சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு வெளிவிசையால், அந்த விசையின் அதிர்வெண்ணிலேயே அலைய நேர்வது திணிப்பு அலைவு. முதலாவதில் உராய்வு இருந்தால் வீச்சு, அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை ஆடும் தூரம், படிப்படியாகக் குறையும். இரண்டாவதில், விசை இருக்கும்வரை வீச்சு குறையாமல் நிற்கும்.

அலைவு, அதிர்வு: இரண்டும் ஒன்றா? ஒத்ததிர்வு, பரிவு?

ஊசல் போல மெதுவாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் நடப்பதை அலைவு என்கிறோம். கம்பி, தோல், உலோகம் வேகமாகத் துடிப்பதை அதிர்வு என்கிறோம். இயற்பியல் ஒன்றுதான். ஒரு பொருளை அதன் இயல்பு அதிர்வெண்ணிலேயே ஆட்டும்போது வீச்சு எகிறுவதைத் தமிழ்நாட்டுப் புத்தகம் ஒத்ததிர்வு என்று சொல்கிறது, இலங்கையில் படித்தவர்கள் பரிவு என்பார்கள். எனக்கென்னவோ அவர்கள் சொல்தான் அழகாகத் தெரிகிறது.

இயல்பு அதிர்வெண் எதைப் பொறுத்தது?

இரண்டு விஷயங்களின் இழுபறி அது. பழைய இடத்துக்குத் திரும்பி வரச் செய்யும் விறைப்பு ஒரு பக்கம், அசைய மறுக்கும் நிறை மறு பக்கம். விறைப்பு கூடினால் அதிர்வெண் கூடும், நிறை கூடினால் குறையும். வீணையில் பிரடையைத் திருகி முறுக்கினால் சுருதி ஏறுவதும், மந்தரத் தந்தி மற்றவற்றைவிடத் தடிமனாக இருப்பதும் இதனால்தான்.

ஊசல் இதில் ஒரு விதிவிலக்கு. அதை இழுக்கும் விசையும் நிறையைப் பொறுத்தே இருப்பதால் நிறை அடிபட்டுப் போகிறது, நீளம் மட்டும் மிஞ்சுகிறது. 1 மீட்டர் நூலில் கல்லைக் கட்டினாலும் பூட்டைக் கட்டினாலும், போய் வர ஏறக்குறைய 2 வினாடி.

ஒரு பொருளுக்கு ஒரே ஒரு இயல்பு அதிர்வெண் என்று நினைத்துவிட வேண்டாம். நூலில் கட்டிய கல்லுக்கு வேண்டுமானால் ஒன்று போதும். கம்பிக்கும் தோலுக்கும் பாலத்துக்கும் வரிசையாகப் பல உண்டு. சாதாரண முரசுத் தோலின் இயல்பு அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமையாது; அதனால்தான் முரசில் 'தொம்' கேட்கிறதே தவிர சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பிய கறுப்பு வட்டம் அந்த இடத்தின் நிறையைக் கூட்டி, அதிர்வெண்களை முழு எண் விகிதத்துக்கு இழுத்து வந்துவிடுகிறது. இதை அளந்து சொன்னவர் சர் சி. வி. ராமன். 1920-லேயே இதைப் பற்றி எழுதினார், 1934-இல் விரிவாக வெளியிட்டார். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சமன்பாடு எதுவும் இல்லாமல், காதை மட்டும் நம்பி மிருதங்கம் செய்கிறவர்கள் அதைச் சாதித்திருந்தார்கள்.

உண்மையில் கட்டற்ற அதிர்வு என்று ஒன்று உண்டா? எல்லாமே நின்றுபோகிறதே?

கறாராகப் பார்த்தால், நம்மைச் சுற்றி இருப்பவை எல்லாமே தடையுறு அதிர்வுகள்தான். காற்று கொஞ்சம் ஆற்றலைத் தின்னும், ஆணி கொஞ்சம் தின்னும், பொருளின் உள் உராய்வு கொஞ்சம் தின்னும். அப்படியானால் கட்டற்ற என்ற பெயர் எதற்கு? தடை குறைவாக இருக்கும்வரை அதிர்வெண்ணை அது தொடுவதே இல்லை என்று சொல்லலாம், வீச்சைத்தான் தொடும்.

ஒரு எண் சொல்கிறேன், பின்னாலும் இதையே பயன்படுத்துவோம். மீட்டருக்கு 50 நியூட்டன் விறைப்புள்ள சுருள்வில்லில் அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். இயல்பு அதிர்வெண் 1.59 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். இரண்டு வினாடியில் வீச்சு 37 சதவீதமாகச் சரிந்துவிடும் அளவுக்குத் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு தடை இருந்தும் அதிர்வெண்ணில் வரும் குறைவு ஆயிரத்தில் ஒரு பங்குதான். மணியின் ஓசை தேய்ந்து மறையும் கடைசி நொடி வரை சுருதி இறங்காமல் நிற்பதன் ரகசியம் இது.

வெளியிலிருந்து ஆட்டத் தொடங்கியவுடனே பொருள் ஆட்டுகிறவரின் அதிர்வெண்ணுக்கு மாறிவிடுமா?

இதுதான் சைக்கிள் ஸ்டாண்டு கேள்வி. புத்தகம் இதை அரை வரியில் கடந்துவிடும்.

மாறாது. முதல் சில நொடிகள் இரண்டு அதிர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். பொருள் தன் பழக்கப்படி ஆடப் பார்க்கும், ஆட்டுகிறவர் தன் கணக்குப்படி இழுப்பார். இரண்டு அதிர்வெண்களும் நெருக்கமாக இருந்தால் விம்மல்கூட வரும்: வீச்சு பொங்கும், அடங்கும், மறுபடி பொங்கும். ஆனால் பொருளின் சொந்த ஆட்டத்துக்கு ஆற்றல் தருவார் யாரும் இல்லை. முன்பு சொன்ன தடை அதை மட்டும் தின்றுகொண்டே வரும். நம் எடைக்கல்லில் பத்து வினாடி போனால் சொந்த ஆட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதற்கப்புறம் ஆட்டுகிறவர் வைத்ததே சட்டம்.

தடை இல்லாத உலகம் ஒன்று இருந்தால் இந்தச் சண்டை முடியவே முடியாது. பொருளைப் பணிய வைப்பது வெளிவிசை மட்டும் அல்ல, உராய்வும்தான். உராய்வை வில்லனாகவே படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

அதிர்வெண் ஆட்டுகிறவருடையது. சரி, வீச்சு யாருடையது?

இருவருடையதும். இதைப் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. நாலைந்து ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோர்த்து, நுனியில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேல் நுனியைப் பிடித்த கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். சாவி கையோடு கூடவே வரும், நல்ல பிள்ளை மாதிரி. இப்போது கையைப் படபடவென்று ஆட்டுங்கள். ரப்பர் மட்டும் துடிக்கும், சாவி அநேகமாக அசையாமல் தொங்கும். கூர்ந்து பார்த்தால் கைக்கு எதிர்த்திசையில் துளி அசைவு தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. கை அரை அங்குலம் அசைந்தாலே சாவி எகிறிக் குதித்து மூக்கில் அடிக்கப் பார்க்கும். அந்த வேகம்தான் ஒத்ததிர்வு.

நம் எடைக்கல்லுக்கு இதையே எண்ணில் சொன்னால்: 1 நியூட்டன் விசையை அசையாமல் கொடுத்தால் வில் 2 செ.மீ. நீளும். அதே 1 நியூட்டனை, இயல்பு அதிர்வெண்ணில் பாதி வேகத்தில் ஏற்றி இறக்கினால் வீச்சு 2.7 செ.மீ. இயல்பு அதிர்வெண்ணில் 90 சதவீதத்தை எட்டினால் 9.5 செ.மீ. சரியாக இயல்பு அதிர்வெண்ணிலேயே கொடுத்தால் 20 செ.மீ. இரண்டு மடங்கு வேகத்தில் கொடுத்தால் வெறும் 0.67 செ.மீ. விசை ஐந்து இடத்திலும் ஒன்றேதான்.

ஒத்ததிர்வில் நிற்கும்போது விறைப்பும் நிறையும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. வீச்சைக் கட்டுப்படுத்தத் தடை மட்டுமே மிஞ்சுகிறது. தடையைப் பாதியாக்கினால் அந்த 20 செ.மீ. 40 ஆகும். மற்ற இடங்களில் தடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

அப்படியானால் ஒத்ததிர்வு மூன்றாவது வகையா?

இல்லை. திணிப்பு அதிர்வின் ஒரு தனி நிலைமை, அவ்வளவுதான். எல்லா ஒத்ததிர்வும் திணிப்பு அதிர்வு. எல்லாத் திணிப்பு அதிர்வும் ஒத்ததிர்வு அல்ல.

கட்ட வேறுபாடு என்று சொல்கிறார்களே, அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

ஆட்டுகிறவருக்கும் ஆடுவதற்கும் நடுவே யார் எவ்வளவு முந்தி, பிந்தி என்பதுதான் கட்ட வேறுபாடு. அதைப் பார்க்க, பார்ட்டன் ஊசல்கள் என்று ஒரு சோதனை உண்டு. எட்வின் பார்ட்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயரில் வழங்குவது. இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு கயிறு கட்டுங்கள். அதில் கனமான ஊசல் ஒன்று. பக்கத்தில் வெவ்வேறு நீளத்தில் காகிதக் கூம்பு கட்டிய லேசான ஊசல்கள் நாலைந்து. அவற்றில் ஒன்று மட்டும் கன ஊசலின் நீளத்திலேயே இருக்கட்டும். கன ஊசலை ஆட்டிவிட்டுக் காத்திருங்கள். ஆரம்பக் குழப்பம் அடங்கியதும் எல்லாக் கூம்புகளும் கன ஊசலின் அதிர்வெண்ணிலேயே ஆடும். குட்டையானவை அதனோடு சேர்ந்து போகும். நீளமானவை எதிர்த்திசையில் போகும். சம நீளமுள்ளது எல்லாவற்றையும்விட அகலமாக ஆடும், ஆனால் கால் சுற்று பின்தங்கி. கன ஊசல் நடுவைக் கடக்கும்போது இது ஓரத்தில் நிற்கும். அப்படிப் பின்தங்கி வருவதால்தான், கயிறு இழுக்கும் திசையும் கூம்பு போகும் திசையும் எப்போதும் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு இழுப்பும் ஆற்றலாகச் சேர்கிறது.

இசைக்கவையின் காம்பை மேசையில் ஊன்றினால் சத்தம் கூடுகிறதே, கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை. இசைக்கவை என்பது தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் U வடிவ உலோகக் கவை. ஊன்றினால் அதன் ஆற்றல் செலவாகும் வேகம்தான் கூடுகிறது. கவையின் புயங்கள் மெல்லியவை. காற்றை வெண்ணெய்க் கத்தி போலக் கிழித்துப் போகின்றனவே தவிரத் தள்ளுவதில்லை. அதனால் கையில் பிடித்தால் ஓசை மெல்லியது, ஆனால் வெகுநேரம் நிற்கும். காம்பை ஊன்றியதும் மேசைப் பலகை கவையின் அதிர்வெண்ணில் திணிப்பு அதிர்வு செய்கிறது. பலகைக்குப் பரப்பு பெரியது, அது காற்றை நன்றாகத் தள்ளும். ஓசை கூடும், கவை சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒரு மாதச் சம்பளத்தை ஒரே வாரத்தில் செலவழிப்பது மாதிரி.

வீணையில் தந்தி அதிர்வது கட்டற்ற அதிர்வு. அதைக் குதிரை வழியாக வாங்கிக்கொண்டு பலாமரக் குடம் அதிர்வது திணிப்பு அதிர்வு. நமக்குக் கேட்பது பெரும்பாலும் குடம்தான். குடம் ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் பிரமாதமாக எழும்பினால் நல்ல வீணை இல்லை, அந்த ஒரு சுரம் மட்டும் கத்தும். எல்லாச் சுரத்துக்கும் ஏறக்குறைய சமமாகத் தலையாட்ட வேண்டும். கூர்மையான ஒத்ததிர்வு அங்கே குறைபாடு.

ஆய்வகத்தில் நீர்த் தம்பத்தில், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கக்கூடிய குழாயில், கவையைப் பிடிக்கும்போது நமக்கு வேண்டியது அந்தக் கூர்மைதான். 512 ஹெர்ட்ஸ் கவையைக் குழாய் வாயில் பிடித்து நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே வந்தால் 16 செ.மீ. வாக்கில் ஓசை திடீரென்று பொங்கும். அது காற்றில் அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு. குழாய் வாய்க்கு வெளியேயும் காற்று கொஞ்சம் சேர்ந்து அதிர்வதால் ஒரு செ.மீ. போலக் கழித்தது. 20 செ.மீ.க்கு இறக்கினாலும் காற்றுத் தம்பம் 512-லேயேதான் அதிர்கிறது. காதுக்கு எட்டாத அளவு சிறிதாக.

பஸ் சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, கிளம்பியதும் நிற்கிறதே?

ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று என்று ஓய்வில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருள் பற்றும். ஆறுக்கும் சேர்த்து நொடிக்கு 30 வெடிப்பு. சட்டத்தில் தளர்ந்த கண்ணாடியின் இயல்பு அதிர்வெண் 30 பக்கத்தில் இருந்தால் ஆடித் தீர்க்கும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் 40, 50 என்று ஏறிவிடும், கண்ணாடி அமைதியாகிவிடும். அப்புறம் வேறொரு சீட்டுக்கம்பி ஆரம்பிக்கும். சிக்னலுக்குச் சிக்னல் இதைப் பார்த்துக்கொண்டே போனால் பயணம் சலிக்காது.

வாஷிங் மெஷின் துணி பிழியும்போதும் இதே கதை. டிரம் வேகம் ஏறும்போது தொடக்கத்தில் ஒரு கட்டத்தில் மெஷினே நடந்து போய்விடும் போல உதறும். முழு வேகத்தில் சாந்தமாகச் சுற்றும். டிரம்மைத் தாங்கும் வில்களின் இயல்பு அதிர்வெண் சில ஹெர்ட்ஸ்தான். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 13 ஹெர்ட்ஸ். வேகம் ஏறும் வழியில் ஒத்ததிர்வைத் தாண்டித்தான் அங்கே போயாக வேண்டும். அதனால் அந்த இடத்தில் தயங்காமல் விரைந்து கடந்துவிடுவது நல்லது.

ஊஞ்சல் எந்த வகை?

யார் ஆட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு முறை தள்ளிவிட்டு ஒதுங்கினால் கட்டற்ற அலைவு. இரண்டரை மீட்டர் சங்கிலி ஊஞ்சல் என்றால் போய் வர 3 வினாடிக்குச் சற்று மேல். பின்னால் நின்று ஒவ்வொரு முறையும் தள்ளினால் திணிப்பு. ஆனால் நாம் ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத்தான் தள்ளுகிறோம், அதாவது நம் அதிர்வெண்ணை ஊஞ்சலிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். சுத்தமான திணிப்பு என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு கடிகாரம் பார்த்துத் தள்ள வேண்டும். யாரும் செய்வதில்லை, பல் பத்திரம்.

பலகையில் நின்றுகொண்டு குழந்தை தானே உந்திக்கொள்கிறதே, அது இன்னும் சுவாரஸ்யம். உட்கார்ந்து எழும்போது ஊஞ்சலின் பயனுறு நீளம், அதாவது மேலே மாட்டிய இடத்திலிருந்து உடல் எடையின் மையம் வரை உள்ள நீளம், மாறுகிறது. ஒரு முழு அலைவுக்கு இரண்டு முறை நடுவில் எழுந்து, இரண்டு முறை ஓரத்தில் அமரும். உந்துதல், அலைவைப் போல இரு மடங்கு அதிர்வெண்ணில் நடக்கிறது, ஊஞ்சலோ தன் அதிர்வெண்ணில் ஆடுகிறது. பி.எஸ்சி. ஆய்வகத்தில் மெல்டே சோதனை செய்தவர்களுக்கு இது பழக்கம். நூலின் நீளவாக்கில் இசைக்கவை அசையுமாறு வைத்தால், நூல் கவையின் பாதி அதிர்வெண்ணில் அதிரும். ராமன் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாக இருந்துகொண்டே, காலையிலும் மாலையிலும் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் இந்த மாதிரி விஷயங்களைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். ஒரு புதிய வகைத் திணிப்பு அலைவுகளை நிலைநிறுத்துவது பற்றி 1909-இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய குறிப்பு வந்தது. நோபல் பரிசுக்கு 21 வருடம் முன்பு.

டகோமா பாலம் ஒத்ததிர்வால்தானே விழுந்தது?

பல புத்தகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. தவறு என்றே சொல்வேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நெரோஸ் தொங்குபாலம் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று விழுந்தது. நடுப்பகுதி மட்டும் 853 மீட்டர் நீளம். அன்று காற்று மணிக்கு 65 கி.மீ. வாக்கில் வீசியது, புயல் ஒன்றும் இல்லை. பாலம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டு 5 வினாடிக்கு ஒரு முறை ஆடியது, அதாவது 0.2 ஹெர்ட்ஸ். காரில் விடப்பட்ட ஒரு நாய் இறந்தது. மனித உயிர்ச்சேதம் இல்லை.

ஒத்ததிர்வு என்றால், காற்று 0.2 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். காற்று சீராகத்தான் வீசியது. பாலத்தின் விளிம்பில் சுழிகள் உருவாகி விலகிப் போனதைக் காரணம் சொல்வார்கள். அந்த வேகத்துக்கு அந்தச் சுழிகளின் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது, ஐந்து மடங்கு வித்தியாசம். 1991-இல் பில்லா, ஸ்கேன்லன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். நடந்தது வேறு. பாலம் கொஞ்சம் திருகினால் காற்று படும் கோணம் மாறுகிறது. கோணம் மாறினால் காற்றின் விசை மாறுகிறது. அந்த விசை திருகலை இன்னும் கூட்டுகிறது. காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், ஒவ்வொரு சுற்றிலும் தடை தின்பதைவிட அதிக ஆற்றலைக் காற்று ஊட்டுகிறது. தடை எதிர்மறையாகிவிட்டது என்று பொறியாளர்கள் சொல்வார்கள்.

நம் முதல் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். ஆற்றல் யாருடையது? காற்றுடையது. அதிர்வெண் யாருடையது? பாலத்துடையது. ஆகவே இது கட்டற்றதும் அல்ல, திணிப்பும் அல்ல. தானே தூண்டிக்கொள்ளும் அதிர்வு. வயலின் வில்லின் கீழே தந்தி அதிர்வதும், நாகஸ்வரத்தில் சீவாளி துடிப்பதும், நம் குரல்வளை பேசுவதும் இதே ரகம்தான். வெளியிலிருந்து ஆற்றல் வந்தாலே திணிப்பு என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

அப்படியானால் படைவீரர்கள் பாலத்தில் காலடி மாற்றி நடப்பது கட்டுக்கதையா?

அது உண்மை. 1831 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் பிராட்டன் தொங்குபாலத்தில் 74 வீரர்கள் சேர்ந்து அடியெடுத்து வைத்தபோது பாலம் துள்ளத் தொடங்கி, ஒரு முனை விழுந்தது. விசாரணையில் ஒரு போல்ட் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது தெரிந்தது. இருந்தாலும், பாலத்தில் அணிநடை வேண்டாம் என்ற உத்தரவு அப்போது பிறந்தது.

லண்டனில் மில்லினியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டது. அங்கே யாரும் அணிநடை போடவில்லை. நொடிக்கு இரண்டு அடி வைத்து நடக்கும் மனிதர், இடது ஒன்று வலது ஒன்று என நொடிக்கு ஒரு முறை பக்கவாட்டில் தள்ளுகிறார். பாலம் பக்கவாட்டில் மெல்ல அசைந்ததும், கப்பலில் நடப்பவர் மாதிரி ஜனங்கள் தங்கள் நடையை அந்த அசைவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். ஆட்டியவர்களே ஆட்டத்துக்குப் பணிந்துவிட்டார்கள். பாலத்துக்கு அடியில் 37 எண்ணெய்த் தடைக்கருவிகளும், ஐம்பதுக்கும் மேற்பட்ட தொங்கு எடைகளும் பொருத்திய பிறகு 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள்.

கட்டடங்களுக்கும் இயல்பு அதிர்வெண் உண்டா?

உண்டு. மாடிக்கு பத்தில் ஒரு வினாடி என்பது தோராயக் கணக்கு: பத்து மாடி என்றால் அலைவு நேரம், அதாவது ஒரு முறை ஆடிப் போய் வர ஆகும் நேரம், சுமார் 1 வினாடி. 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தின் மையம் மெக்சிகோ நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நகரமோ பழைய ஏரிப் படுகையின்மேல் நிற்கிறது. அந்தக் களிமண் 2 வினாடி அலைவு நேரத்தில் ஆடத் தொடங்கியது. சின்ன வீடுகள் பல தப்பின, மிக உயரமான கோபுரமும் தப்பியது. அடி வாங்கியவை பெரும்பாலும் ஆறிலிருந்து பதினைந்து மாடி வரை உள்ளவை. விரிசல் விழ விழக் கட்டடம் நெகிழும், நெகிழ நெகிழ அலைவு நேரம் நீளும். 1 வினாடிக் கட்டடம் 2 வினாடியை நோக்கித் தானே நகர்ந்து போய் மாட்டிக்கொண்டது.

தைவானின் தைபே 101 கட்டடத்தில் 660 டன் எஃகு உருண்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஆடும் அதே அதிர்வெண்ணுக்கு அது சுருதி சேர்க்கப்பட்டிருக்கிறது. காற்றில் கோபுரம் அசைந்தால் உருண்டை பின்தங்கி ஆடி, அசைவை வாங்கிக்கொள்கிறது. உருண்டையின் ஆட்டத்தை எண்ணெய் உருளைகள் சூடாக்கித் தீர்க்கின்றன. பார்ட்டன் ஊசல் தெரிந்தால் இதுவும் தெரிந்த மாதிரிதான். விலைதான் வேறு.

ரேடியோ, மைக்ரோவேவ் அடுப்பு?

ரேடியோ சரி. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருப்பும்போது, உள்ளே ஒரு மின்சுற்றின் இயல்பு அதிர்வெண்ணை அதற்குச் சமமாக்குகிறீர்கள். எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் ஏரியலைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒன்றுக்கு மட்டும் சுற்று பெரிதாக ஆடுகிறது.

மைக்ரோவேவ் இல்லை. நீர் மூலக்கூறின் ஒத்ததிர்வு 2.45 கிகாஹெர்ட்ஸில் இருப்பதாக எங்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே அப்படி ஒன்றும் கிடையாது. மாறும் மின்புலத்தின் திசைக்கு நீர் மூலக்கூறுகள் திரும்பப் பார்க்கின்றன, அக்கம்பக்கத்தோடு உரசித் தாமதமாகின்றன, சூடாகின்றன. திணிப்பு உண்டு, ஒத்ததிர்வு இல்லை.

இரண்டு ஊசல்கள் ஒன்றையொன்று ஆட்டினால் அதிர்வெண்ணை யார் முடிவு செய்வது?

ஊசல் கடிகாரத்தைச் செய்த ஹைகன்ஸுக்கே இந்தக் கேள்வி வந்தது. 1665-இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தவர், ஒரே மரச்சட்டத்தில் தொங்கிய தன் இரண்டு கடிகாரங்களின் ஊசல்களும் நேரெதிராக, துளி பிசகாமல் ஆடுவதைக் கவனித்தார். வேண்டுமென்றே கலைத்துவிட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்துக்குள் மறுபடி சேர்ந்துகொண்டன. தனித்தனியாக விட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும் கடிகாரங்கள் அல்ல, சிறு வித்தியாசம் உண்டு. ஒவ்வொன்றின் ஆட்டமும் மரச்சட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அசைத்தது, அந்த அசைவு மற்றதைத் திணித்தது. இரண்டும் ஆட்டுபவை, இரண்டும் ஆடுபவை. இரண்டின் அதிர்வெண்ணும் இல்லாமல் நடுவில் ஒன்றில் போய் நின்றன. காற்றுதான் காரணமோ என்று முதலில் சந்தேகித்து நடுவே பலகை வைத்து மறைத்துப் பார்த்திருக்கிறார், ஒன்றும் மாறவில்லை. கடிகாரங்களைத் தள்ளித் தனித்தனியே மாட்டியதும் ஒவ்வொன்றும் தன் வழியே போயிற்று.